வெளிச்சுவரில் ஒரு தகடு

துணி காயவைக்கும் ட்ரையரை இரண்டு முறை ஓடவிட்டும் துவாலை ஈரமாகவே இருந்தது. அப்பா மகளுக்குப் போன் போட்டார். அவள் வேறு ஊரில் நர்ஸ். கல்யாணமாகிப் போகும்வரை இந்த வீட்டில் எது பழுதானாலும் பார்த்தவள் அவள்தான்.

“துணி காயறதுக்குள்ள நான் காஞ்சிடுவேன் போலிருக்கும்மா.”

“வெளிச்செவத்துல மெஷின் காத்து வர்ற குழாய்ல துணிப்பஞ்சு அடைச்சிருக்கும்ப்பா. மெஷின நிறுத்திட்டுப் போய்ப் பாருங்க. விட்டா சூடாகித் தீப்பிடிச்சிடும். சரியாகலேன்னா ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்.”

கடைசியில் சொன்னதை மட்டும் அவர் மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். அவள் வந்து போய் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்திருந்தன.

போனை ஸ்பீக்கரில் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். குழாய் வாயில் தொங்கிய தகடு பஞ்சு அப்பி, திறக்காமல் ஒட்டிக்கிடந்தது. தகட்டைத் தூக்கிப் பழைய டூத் பிரஷால் சுரண்டினார். உள்ளே கைவிட்டு இழுத்தார். சாம்பல் நிறத்தில் கொத்துக் கொத்தாக வந்தது.

“ஒத்த ஆள் துணியில இவ்வளவு பஞ்சா! தலகாணியே தைக்கலாம்.”

“தைங்க, தைங்க. இப்ப மெஷினப் போட்டுட்டு வந்து பாருங்க. காத்து வந்தா தகடு தானாத் தூக்கி ஆடும்.”

போட்டுவிட்டு வந்தார். தகடு படபடவென்று ஆடத் தொடங்கியது. சட்டென்று கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்தார்.

“என்னப்பா, வருதா?”

“இல்லம்மா. அசையக்கூட இல்ல.”

அந்தப் பக்கம் கொட்டாவி ஒன்று கேட்டது.

“சரிப்பா. சனிக்கிழமை நைட் ஷிஃப்ட். முடிச்சுட்டு அப்படியே பஸ் ஏறிடறேன். கொழந்தைக்கு வேற சளி… தூக்கிட்டு வந்துடறேன். நீங்க மெஷினத் தொடாதீங்க.”

விரலுக்கடியில் தகடு சுட்டது. உள்ளிருந்து காற்று முட்டிக்கொண்டே இருந்தது.

அவர் விரலை எடுத்தார். தகடு படபடத்தது.

“வந்துடுச்சும்மா. இப்பத்தான் தூக்குச்சு.”

“அப்பாடா!” என்றாள் அவள். “கேக்குது, கேக்குது. பெரிய மெக்கானிக்தான் நீங்க. வச்சுடட்டுமா?”

“வைம்மா. கொழந்தையப் பாரு.”

அந்த ‘அப்பாடா’வோடு அவர் அங்கேயே நின்றார். வெதுவெதுப்பான காற்று, சோப்பு வாசனையோடு அவர் உள்ளங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. மெஷின் நின்றது. தகடு மெல்லத் தாழ்ந்து மூடிக்கொண்டது.

உள்ளே போய்த் துவாலையை எடுத்தார். நன்றாகவே காய்ந்திருந்தது.