பொலோவா உட்கார்ந்து வந்த அலை

பொலோவாவின் படகில் ஏற வேண்டுமானால் முதலில் தழும்பைக் காட்ட வேண்டும். காலிலோ முதுகிலோ பவளம் கிழித்த கோடு ஒன்றாவது இருக்க வேண்டும். "நான் பத்து வருஷமா அலைச்சறுக்கு ஆடறேன்" என்று வாயால் மட்டும் சொல்கிறவர்களை அவன் கரையிலேயே விட்டுவிடுவான். அவர்கள் நாள் முழுக்கக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவன் கூட்டிப் போகும் இடம் அப்படிப்பட்டது. கரையிலிருந்து பார்த்தால் தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரித் தெரியும் பவளப் பார், கடலுக்கடியில் நிற்கும் பாறைத் திட்டு. அதற்கு நிஃபோ என்று பெயர். நிஃபோ என்றால் பல். ஆழக்கடலில் சும்மா வருகிற அலை அந்தப் பாரில் கால் தடுக்கியதும் வீட்டுயரத்துக்கு எழுந்து நின்று, குழலாகச் சுருண்டு விழும். அலைக்கு அடியில் முழங்காலளவு தண்ணீர், அதற்கு அடியில் பல்.

வார்விக் என்ற ஆஸ்திரேலியாக்காரன் தழும்பு காட்டிய விதத்தை வாயிமாலு கிராமம் இன்னும் மறக்கவில்லை. அவனுக்குப் பவளம் கிழித்த இடம் உட்காரும் இடம். முற்றத்தில் நின்றபடி கால்சட்டையை இறக்கிக் காட்டிவிட்டான். அந்த நேரம் பார்த்துப் பொலோவாவின் மனைவி சலாமோ பன்றிக்குத் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"காலங்காத்தால இதையும் பாக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு" என்றாள் அவள்.

"ஏழு தையல்!" என்றான் வார்விக் பெருமையாக.

"ஏத்திக்கலாம்" என்றான் பொலோவா.

அந்தப் பன்றியின் பெயர் லூசி. சினையாக இருந்தாள். வயிறு தரையைத் தொட்டுக்கொண்டு போகும். அவள் போடப்போகும் குட்டிகளை நம்பித்தான் அந்த வீடே இருந்தது. வாயிமாலு இருக்கும் சவாயித் தீவில் ஒருவன் குடும்பத் தலைவன் என்ற தலைக்கட்டுப் பட்டம் வாங்க வேண்டுமானால் ஊர் முழுவதற்கும் வயிறு நிறையப் போட வேண்டும். நாற்பது வயது தாண்டியும் பொலோவா பட்டமில்லாத ஆண்களின் கூட்டத்துக்குத்தான் தலைவன். தலைக்கட்டுகளின் மனைவிமாரோடு ஒரே பாயில் சமமாக உட்கார வேண்டும் என்று சலாமோ எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தாள். லூசியின் வயிற்றை அவள் தடவுவதைப் பார்த்தால் அந்தப் பாயையே தடவுவது போலிருக்கும்.

இதில் பொலோவா ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தான். வாயிமாலுவில் பொழுது சாயும்போது மூன்று தடவை சங்கு ஊதுவார்கள். முதல் சங்குக்கு எல்லாரும் வீடு சேர வேண்டும். இரண்டாம் சங்குக்கு ஜெபம் ஆரம்பம். அப்போது யார் எங்கே இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். நடக்கக் கூடாது, நிற்கக் கூடாது. மூன்றாம் சங்குக்குத்தான் விடுதலை. இந்த நேரத்துக்குச் சா என்று பெயர். இந்தச் சா நேரத்தை மீறினால் முன்பெல்லாம் ஒரு பெட்டி மீன் டப்பா அபராதம். அந்த நேரம் காவல் நிற்பது பட்டமில்லாத ஆண்கள்தான். அவர்களின் தலைவன் என்ற முறையில் பொலோவா ஊர்ச்சபை முன்னால் போய், "மீன் டப்பாவுக்கு இப்ப எவன் பயப்படறான்? வீட்டுல இருக்கறதுலயே பெரிய பன்னிய வாங்குங்க, அப்புறம் பாருங்க" என்று சொன்னான். சபை கை தட்டியது. சலாமோ மட்டும் மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் நிஃபோவில் அலை கோயில் தூண் மாதிரி வழுவழுவென்று வந்தது. காற்று இல்லை. தண்ணீர் ஏற்றம். பொலோவாவும் வார்விக்கும் மாறி மாறிப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். பொலோவா பெரிய உடம்புக்காரன். அவன் பலகை கதவைக் கழற்றி எடுத்து வந்தது போல அகலமாக இருக்கும். சலாமோவின் தம்பி செமிசி பாருக்குப் பக்கத்தில் ஆழமான வாய்க்காலில் படகை நிறுத்திக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

முதல் சங்கு ஊதியது.

"மச்சான், ஏறு!" என்று செமிசி கத்தினான்.

"ஒரே ஒரு அலை, மச்சான்!"

"அந்த ஒரே ஒரு அலையப் பத்தி எனக்குத் தெரியும். அதுக்கு அண்ணன் தம்பி நிறைய. ஏறப்போறியா இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணுடா!"

"என் வீட்டுலயும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, பன்னி. சட்டம் போட்டது நீ. நான் கிளம்பறேன்."

செமிசி நிஜமாகவே கிளம்பிவிட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வார்விக் வாயைத் திறந்தபடி படகைப் பார்த்தான்.

"போறான்! நம்மள விட்டுட்டுப் போறான்!"

"போகட்டும்" என்றான் பொலோவா. "கடைசி அலையில கரைக்குப் பாதி தூரம் போயிடலாம். மீதிய கையால தள்ளிக்கலாம்."

ஆனால் கடைசி அலைக்காகக் காத்திருக்கும்போதுதான் கடல் பால் குடித்த குழந்தை மாதிரித் தூங்கிப்போகும். அதுவரை வரிசையாக வந்துகொண்டிருந்த அலை ஒன்றுகூட வரவில்லை. பொலோவா கரையைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். மறுபடி கரையைப் பார்த்தான். லூசியின் வயிறு அவன் கண்ணுக்குள்ளேயே வந்து நின்றது.

இரண்டாம் சங்கு ஊதியது.

பலகையின் இருபுறமும் காலைத் தொங்கப் போட்டபடி பொலோவா அப்படியே உறைந்து போனான்.

"வா, தள்ளிக்கிட்டே போயிடலாம்" என்றான் வார்விக்.

"அசையக் கூடாது. சா ஆரம்பிச்சிடுச்சு. எங்க இருக்கமோ அங்கயே உக்காரணும்."

"நாம கடல்ல இருக்கோம்யா!"

"கடலும் எங்க ஊருதான். பாரு வரைக்கும் எங்க எல்லை."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடப் போனவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தான் உட்கார்ந்திருக்கும் லட்சணம் சரியா? சாமி முன்னால் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஜெபம் செய்கிறவன் உண்டா? அவன் பாட்டன் பூட்டன் எல்லாரும் சம்மணம் போட்டவர்கள். நாளைக்கு எவனாவது, "உக்காந்தான், ஆனா குதிரையில உக்காந்த மாதிரி உக்காந்தான்" என்று சொல்லிவிட்டால் லூசி போய்விடுவாள். பொலோவா ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பலகை மேல் சம்மணம் போட்டான். கையைக் கூப்பினான். கண்ணை இறுக்கி மூடினான்.

அங்கேதான் தப்பு நடந்தது. தண்ணீருக்குள் இருந்த கால்கள்தான் அதுவரை அவனை ஓர் இடத்தில் பிடித்து வைத்திருந்தன. அவற்றை எடுத்ததும் பலகை தேங்காய் மட்டை போல மிதந்து, அலை எழும் இடத்துக்கு நேராகப் போக ஆரம்பித்தது. தூங்கிக்கொண்டிருந்த கடலும் அந்த நேரம் பார்த்துத்தான் எழுந்து சோம்பல் முறித்தது.

"பொலோவா! பின்னால பாரு!"

"ஜெபத்துல பேசாத."

"கண்ணத் திற! வீடு மாதிரி வருது! கண்ணத் திறய்யா!"

பொலோவாவுக்குத் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. பாரில் தண்ணீர் உறிஞ்சும் சத்தத்தை வைத்தே அலையின் உயரம் சொல்வான். இது அன்றைக்கெல்லாம் வந்ததில் பெரியது. எழுந்து நின்றால் தப்பிக்கலாம். நின்றால் லூசி போவாள். உட்கார்ந்திருந்தால் தோல் போகும். தோல் மறுபடி வளரும் என்று முடிவு செய்து கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை உரக்கப் பாட ஆரம்பித்தான்.

அலை அவனைப் பின்பக்கமாகத் தூக்கியது. பலகையின் மூக்கு கீழே சாய்ந்தது. அவ்வளவு கனமான மனிதன் நடுப்பலகையில் அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்ததால் அது குத்திக்கொள்ளாமல் சறுக்கியது. கீழே இறங்கி, பக்கவாட்டில் ஓடி, குழலுக்குள் நுழைந்தது. உள்ளேயிருந்து பாட்டு மட்டும் பானைக்குள் முகத்தை விட்டுப் பாடுவது போல எதிரொலித்தது. பிறகு அவன் வெளியே வந்தான். சம்மணம் கலையவில்லை. கூப்பிய கை பிரியவில்லை. தலைமுடியில் ஒரு கடற்பாசி மட்டும் கூடுதலாக இருந்தது.

ஏற்றத் தண்ணீரானதால் அலை பாரோடு முடியவில்லை. நுரையாக மாறி, பாருக்கும் கரைக்கும் நடுவிலுள்ள உள்கடல் வழியாக அவனைத் தள்ளிக்கொண்டே போனது. வாயிமாலுவின் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. தூண்களும் கூரையும்தான். எல்லா வீடும் கடலைப் பார்த்தபடி இருக்கும். அன்று ஊர் முழுவதும் தலை குனிந்து ஜெபத்தில் இருந்தபோது, கடலிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்தபடியே வந்து, பெரிய தலைக்கட்டு தோவாவின் வீட்டுக்கு நேர் எதிரில் மணலில் ஏறி நின்றான். நின்றது பலகை. அவன் உட்கார்ந்தேதான் இருந்தான். மூன்றாம் சங்கு ஊதும்வரை இமைகூட அசையவில்லை.

அப்புறம் செமிசி படகை எடுத்துக்கொண்டு போய் வார்விக்கைக் கூட்டி வந்தான். கத்திக் கத்தி வார்விக்குக்குத் தொண்டை கட்டியிருந்தது.

மறுநாள் காலை ஊர்ச்சபை கூடியது. தலைக்கட்டுகள் அவரவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்து கவா என்ற வேர்ச்சாற்றைக் குடித்தார்கள். பொலோவா வெளியே கூழாங்கல்லில் உட்கார்ந்திருந்தான். சீமைப்பலா மரத்தடியில் லூசி கட்டப்பட்டிருந்தாள். தீர்ப்பு சொன்னதும் அலைய வேண்டாமே என்று காவல்காரர்களே கொண்டு வந்து கட்டிவிட்டார்கள். கயிற்றின் மறு நுனியைச் சலாமோ பிடித்திருந்தாள். விடுகிற மாதிரி இல்லை.

"சா நேரத்துல இவன் பாருலேருந்து கரைக்கு வந்திருக்கான்" என்றார் தோவா. "இவன் போட்ட சட்டப்படியே பன்னிய எடுத்துக்க வேண்டியதுதான்."

"ஐயா, நான் வரல" என்றான் பொலோவா. "நான் உக்காந்திருந்தேன். கடல்தான் வந்துச்சு."

"உக்காந்திருந்ததுக்கு சாட்சி?"

"நீங்களே பாத்திருப்பீங்களே. உங்க வீட்டு வாசல்லதானே வந்து சேர்ந்தேன்."

"ஆமா, பாத்தேன். நல்லாத்தான்…" என்று ஆரம்பித்த தோவா கவாச் சிரட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

பக்கத்துத் தூணிலிருந்த அலேசனா என்ற தலைக்கட்டு மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். அவருக்கும் தோவாவுக்கும் வாழைத்தோட்ட எல்லையில் பழைய சண்டை. "பாத்தீங்களா? ஜெபத்துலயா? கண்ணத் திறந்துக்கிட்டா? ஜெபத்துல கண்ணத் திறந்தா வீட்டுக்கு ஒரு மீன் டப்பான்னு உங்கப்பா காலத்துச் சட்டம் இன்னும் இருக்கே."

"சத்தத்த வெச்சுச் சொன்னேன்" என்றார் தோவா. "பாட்டு கேட்டுச்சு. இவன் நின்னுக்கிட்டு வந்த மாதிரி இருந்துச்சு சத்தம்."

"நிக்கவே இல்ல" என்றார் அலேசனா அவசரமாக. "இடது முழங்கால் மேல, வலது கீழ. அழகா சம்மணம் போட்டு…"

சபையில் யாரோ சிரித்தார்கள்.

"வலது முழங்கால்தான் மேல" என்று மூலைத் தூணிலிருந்து ஒரு கிழவர் சொன்னார். "எனக்குக் கிட்டப்பார்வை இல்ல. குழலுக்குள்ள போறப்ப கொஞ்சம் குனிஞ்சான், அதையும் பாத்தேன்."

"குனியல, தும்முனான்!"

"தும்முனா கை பிரிஞ்சிருக்குமே!"

அவ்வளவுதான். சபை மீன் சந்தை ஆகிவிட்டது. எந்தக் கால் மேலே, தலை எந்தப் பக்கம் சாய்ந்தது, பாட்டில் எந்த அடியைத் தப்பாகப் பாடினான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் விஷயம் உறைத்தது. அத்தனை பேரும் கவாச் சிரட்டையைத் தேடினார்கள்.

அந்த அமைதியில் வார்விக் கையைத் தூக்கினான். இல்லாத குரலில், "நான் கண்ணத் திற, கண்ணத் திறன்னு தொண்டை கிழியக் கத்துனேன். கடைசி வரைக்கும் இவர் திறக்கவே இல்ல" என்றான்.

தோவா நீண்ட நேரம் யோசித்தார். அவர் கெட்டிக்காரர். பாதி ஊரை மட்டும் தண்டித்தால் தன் வீடு எந்தப் பாதி என்ற கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும்.

"நேத்து சாயங்காலம் இந்த ஊருல ஒருத்தன்தான் கண்ண மூடி ஜெபம் பண்ணியிருக்கான்" என்றார். "அவனும் அலை மேல இருந்தான். உக்காந்தவன் பன்னிய எடுக்கச் சட்டத்துல இடமில்ல. மத்தவங்க வீட்டுக்கு ஒரு மீன் டப்பா. என் வீடும் சேத்துதான். வசூல் பண்ண வேண்டியது காவல் தலைவன் வேலை."

சலாமோ கயிற்றை அவிழ்த்தாள். லூசி எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டே இருந்தாள். வார்விக்கும் செமிசியும் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

பொலோவா அன்று முழுக்கத் தள்ளுவண்டியோடு வீடு வீடாகப் போனான். யாரும் மறுக்கவில்லை. டப்பாவைப் போடும்போதே, "குழலுக்குள்ள இருட்டா இருந்துச்சா?" என்று கேட்டார்கள். போதகர் இரண்டு டப்பா போட்டார். ஏன் இரண்டு என்று கேட்டதற்கு, "என் சம்சாரத்தையும் எழுப்பிக் காட்டினேன்" என்றார். செமிசி போட்டது ஏற்கெனவே திறந்து பாதி தின்ற டப்பா.

கடைசியாகத் தன் வீட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நம் வீட்டில்தான் அபராதம் கிடையாதே என்று திண்ணென்று நிமிர்ந்து வந்தான். சலாமோ எழுந்து உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து வண்டிக்குள் டணார் என்று போட்டாள்.

"நீயுமா?"

"பின்ன? புருஷன் சாகறானா இருக்கானான்னு பாக்க வேண்டாமா?"

"எப்படி இருந்துச்சு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வலது முழங்கால்தான் மேல. போ, டப்பாவக் குடுத்துட்டு வா. ராத்திரிக்கு அந்த மீன்தான் வெச்சிருந்தேன். உனக்கு வெறுஞ் சேப்பங்கிழங்குதான்."