நாற்பது விளையாட்டுச் சாமான்கள்

மானம் கப்பலேறிவிட்டது என்று சொல்வார்கள். எங்கள் விஷயத்தில் அது கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது போனது. அதுவும் என்னுடைய மானம் இல்லை, என் மச்சானுடையது. என்னுடையதை இன்றுவரை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் வெளிநாட்டிலிருந்து இசைக்கருவிகள் வரவழைத்துக் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்புகிறவன். கேட்கப் பெருமையாக இருக்கும். உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும் லட்சணம். ஈரம் பட்டால் மரம் உப்பும், சூடு பட்டால் ஒட்டு விடும். பத்து கித்தார் வந்தால் ஒன்றுக்குக் கழுத்து முறிந்திருக்கும். கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, குடோன் வாடகை எல்லாம் தின்று ஏப்பம் விட்ட பிறகு மிச்சம் இருப்பதை நான் நக்க வேண்டும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஐம்பத்தாறு வயது. இருபது வருஷம் வயலின் சொல்லிக் கொடுத்த பள்ளி மூடிப்போனதும் எங்கள் வீட்டோடு வந்து, என் குடோனில் சேர்ந்துவிட்டார். வயலின்கள் கப்பலில் வரும்போது தந்திகளைத் தளர்த்தி, தந்திகளைத் தாங்கும் குதிரையைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். இங்கே வந்ததும் குதிரையை நிறுத்தி, தந்திகளை முறுக்கி, சுருதி சேர்ப்பது அவர் வேலை. வீட்டிலும் அந்தக் காது சும்மா இருக்காது. குக்கர் விசில் அடித்தால், "அரை ஸ்வரம் எறங்கியிருக்கு, வாஷரை மாத்தும்மா" என்பார். அழைப்பு மணி அபஸ்வரமாக இருக்கிறது என்று அதையே கழற்றிவிட்டவர். வந்தவர்கள் எல்லாம் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினார்கள்.

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தைகளுக்கான சின்ன வயலின் நாற்பது கேட்டார்கள். சொல்லிக் கொடுக்கவும் ஆள் வேண்டும் என்றார் தலைமையாசிரியை. என் மச்சான் இருக்கிறார் என்றேன். அவர் வாசித்து அந்த அம்மா கேட்டதில்லை, என் வார்த்தையை நம்பினார். செய்தி கேட்ட அன்றே மச்சான் இரண்டு வெள்ளைச் சட்டைகளை இஸ்திரி போட்டு மாட்டி வைத்தார். அண்ணன் மறுபடியும் வாத்தியாராகப் போகிறார் என்று என் மனைவி தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

இந்த இடத்தில்தான் என் புத்தி புல் மேயப் போனது. நான் விலை சொன்னது ஆறு மாதத்துக்கு முன்னால். அதற்குள் கப்பல் கூலி இரண்டு மடங்கு ஏறிவிட்டது. இசைக்கருவிக்குத் தீர்வை நூற்றுக்கு இருபத்தெட்டு, பொம்மைக்கு ஐந்து. வயலினோ என் முழங்கை நீளம்கூட இல்லை. சின்னதாக இருப்பதெல்லாம் பொம்மைதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அனுப்புகிறவனிடம் சொல்லி, 'சிறுவர் விளையாட்டுச் சாமான், நாற்பது' என்று பட்டியலில் எழுத வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. துறைமுகத்தில் என் காகிதங்களைப் பார்க்கிற ஏஜென்ட் எதைக் கேட்டாலும் "ஆயிடும் சார்" என்பான். அதனால் அவன் பேரே 'ஆயிடும்'. இதற்கும் ஆயிடும் என்றான்.

ஆகவில்லை. சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். கண்டவர்கள் கை வைத்தால் கழுத்து முறியும் என்று மச்சானையும் கூட்டிப் போயிருந்தேன். அவர் ஒரு வயலினைக் குழந்தையைத் தூக்குவது போல வெளியே எடுத்தார்.

"பொம்மைனு போட்டிருக்கீங்க. பாத்தா அப்படித் தெரியலையே" என்றார் அதிகாரி. நல்ல மனுஷர், சிரித்த முகம். "இவர் யாரு?"

"எங்க ஆளு சார். வாசிக்கத் தெரிஞ்சவரு" என்று ஆயிடும் முந்திக்கொண்டான். அவனை அங்கேயே கடலில் தள்ளியிருக்க வேண்டும்.

"அப்ப வாசிச்சுக் காட்டட்டும். பாட்டு வந்தா வயலின், வரலைன்னா பொம்மை. எனக்கும் முடிவு பண்ண வசதி" என்றவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே நாலடி தள்ளிப் போனார்.

பட்டியலில் பொம்மை என்று எழுத வைத்தது நான்தான் என்று மச்சானுக்குத் தெரியாது; யாரோ செய்த பிழை, வாசித்துக் காட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. குதிரையை நிறுத்தினார், தந்திகளை முறுக்கினார். இரண்டே நிமிஷம். விரலால் ஒருமுறை மீட்டினார். மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சுத்தமாக இருந்தது.

நான் அவர் காதருகே போனேன். "மச்சான், தப்பா வாசிங்க."

"என்ன மாப்பிள்ளை?"

"சுருதி இல்லாம வாசிங்க. இல்லைன்னா சரக்கு அத்தனையும் பிடிச்சு வச்சுக்குவாங்க. எனக்கு அபராதம், கேஸு. உங்க ஸ்கூல் வேலையும் போயிடும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவர் செருப்பைப் பார்த்தேன். பிறகு அவர் முறுக்காணிகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் பின்னால் திருப்பினார். தான் சேர்த்த சுருதியைத் தானே கலைத்தார். அதிகாரி திரும்பி வந்ததும் வில்லை எடுத்து வாசித்தார்.

பூனை வாலைக் கதவிடுக்கில் நசுக்கியது மாதிரி இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் அதே மாதிரி கத்திக் காட்டினான். அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு, "போதும் பெரியவரே! பொம்மைதான், ஒத்துக்கறேன்" என்று கையெழுத்துப் போட்டார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இதுவரை எனக்குப் புரியவில்லை.

மச்சான் தந்திகளைத் தளர்த்தி, குதிரையைக் கழற்றித் துணியில் சுற்றி, வயலினைப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். வண்டியில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நல்ல வயலின், மாப்பிள்ளை."

அடுத்த வாரம் நாற்பதையும் சுருதி சேர்த்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். மச்சான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நாற்பது நாற்காலி, நாற்பது குழந்தைகள், பின்னால் பெற்றோர்கள். அந்த வரிசையில் சிரித்த முகமாக ஒருவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் நான் மச்சானுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அதே அதிகாரி. அவர் பெண் இரண்டாம் வரிசையில் இருந்தாள்.

அவர் எழுந்து நேராகத் தலைமையாசிரியையிடம் வந்தார். "தப்பா நினைக்காதீங்க மேடம். உங்களை ஏமாத்திட்டாங்க. இதெல்லாம் பொம்மை. நானே செக் பண்ணினேன். இந்தப் பெரியவர் வாசிச்சதையும் கேட்டேன். இவரா வாத்தியார்? இவருக்கு வில்லைப் பிடிக்கவே வரலையே!"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவருக்கு நாங்கள் காட்டியது அதுதான்.

தலைமையாசிரியை முகம் மாறியது. ஒரு வயலினை எடுத்து மச்சானிடம் நீட்டினார். "நீங்களே இப்ப வாசிச்சுக் காட்டிடுங்க சார்."

காலையில்தான் சுருதி சேர்த்த வயலின். ஒரே ஒரு வரி வாசித்தால் போதும், அந்த வேலை அவருடையது. ஆனால் அந்த ஒரு வரியில் நான் மாட்டிக்கொள்வேன். அவர் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை, என் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காக நின்றார். 'வாசிங்க மச்சான்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வருவது வரட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தொண்டையைச் செருமிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சார் சொல்றது சரிதான் அம்மா" என்றார் மச்சான். "பொம்மைன்னாலும் குழந்தைங்க கை பழகறதுக்கு இது போதும். நல்ல வாத்தியாரா வேற ஒருத்தரைப் பாத்துக்குங்க. எனக்கு வாசிக்க வராது."

வயலினை மேஜைமேல் வைத்தார். இரண்டாம் வரிசையில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. பொம்மைக்கு இவ்வளவு விலையா என்று தலைமையாசிரியை குறைத்துத்தான் கொடுத்தார். தீர்வையில் நான் மிச்சம் பிடித்தது அத்தனையும் அங்கேயே போயிற்று.

வீட்டுக்குள் நுழைவதற்குள் என் மனைவி ஓடி வந்தாள். "அண்ணனுக்கு வேலை ஆச்சா?"

மச்சான் எனக்குப் பின்னால் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். இப்போதாவது சொல்லலாம், இவள் என் பெண்டாட்டிதானே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே, "உங்கண்ணனே வேண்டாம்னுட்டாரு" என்றேன்.

"ஏன் அண்ணே?" என்றாள்.

"வயசாயிடுச்சும்மா. குழந்தைங்களைக் கட்டி மேய்க்க முடியாது" என்றார் அவர்.

உள்ளே குக்கர் விசில் அடித்தது. எனக்கே அது அரை ஸ்வரம் இறங்கியிருப்பது தெரிந்தது. அவர் வாயைத் திறக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது விசிலும் அடித்தது. அவர் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.