தட்டிப் பார்த்து எடுத்த சைக்கிள்

கடைக்குள் கால் வைத்ததுமே பகலவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தண்டையார்பேட்டையில் புதிதாகத் திறந்த, கண்ணாடி போட்ட சைக்கிள் கடை. பச்சை, ஆரஞ்சு என்று கண்ணைக் குத்தும் பெயிண்ட். ஒவ்வொன்றுக்கும் இருபத்தொரு கியர். முன்னால் ஒரு ஸ்பிரிங், நடுவில் இன்னொரு ஸ்பிரிங். நடுவில் இருந்ததைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அசையவே இல்லை. பார்வைக்கு வைத்தது.

"இன்னாய்யா இது? பொம்மைக்கு வெச்சா மாதிரி கீது."

"இதான் சார் இப்போ நல்லா போவுது" என்றான் விற்பனையாளன்.

"எண்ணூர் ரோட்டுல ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாரு, எங்க போவுதுன்னு தெரியும். சாம்பலும் உப்பும் பூந்து உன் இருபத்தொரு கியரும் ஒரே கியரா பூடும்."

அவனுக்குப் பின்னால் நின்ற தங்கபுஷ்பம் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு பேருக்கும் எண்ணூரில் ஒரே கண்டெய்னர் யார்டில்தான் வேலை. அவன் சர்வேயர், வந்து இறங்கும் பெட்டிகளில் எது தேறும், எது தேறாது என்று எழுதுபவன். அவள் பெட்டிகளுக்குள் இறங்கிக் கழுவுகிறவள். போன மாதம் யார்டு நிர்வாகம் ஆட்களை ஏற்றி வரும் வேனை நிறுத்திவிட்டது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரெய்லர் லாரிகளுக்குப் பின்னால், புகையைக் குடித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் கேட் மூடும். இரண்டு பேருமே ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். மூன்றாவது முறை நடந்தால் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள்; வேலை அதோடு சரி. திங்கட்கிழமைக்குள் ஆளுக்கொரு சைக்கிள் வேண்டும்.

என்ன சைக்கிள் என்பதில் பகலவனுக்குக் குழப்பமே இல்லை. சக்கரம் பெரியதாக இருக்க வேண்டும். சின்னச் சக்கரம் அந்த ரோட்டின் பள்ளத்தில் விழுந்தால் எழுந்து வராது. டயர் தடியாக இருக்க வேண்டும். கியர் கூடவே கூடாது. கையில் இருப்பது ஏழாயிரம். இதைச் சொன்னபோது விற்பனையாளன் முகத்தைச் சுளித்த விதம் இருக்கிறதே, அதைப் பார்த்துப் பகலவனும் பதிலுக்குச் சுளித்துவிட்டு வெளியே வந்தான்.

"கலீஜ் பசங்க" என்றான் ரோட்டில் துப்பிவிட்டு.

அடுத்துப் போனது வண்ணாரப்பேட்டையில் நசீரின் பழைய சைக்கிள் கடை. நசீர் அவனுக்குப் பள்ளிக்கூடத் தோஸ்து. "வா மாமு, உனக்குன்னே ரெண்டு வெச்சிகினு கீறேன்" என்று உள்ளே இருந்து இரண்டு வண்டிகளை உருட்டி வந்தான். இரண்டுமே இருபத்தொன்பது இன்ச் சக்கரம், இரண்டுமே ஒற்றைக் கியர். விலையும் ஒன்றுதான்.

ஒன்று சிவப்பு. கம்பெனி பெயிண்ட் அப்படியே இருந்தது, கீறல் இல்லை. கொரட்டூர் பக்கம் ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு வருஷம் ஓட்டாமல் நின்ற வண்டியாம். இன்னொன்று கறுப்பு. யாரோ வீட்டுப் பிரஷ்ஷால் அடித்த கறுப்பு. இணைப்புகளில் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிய மணல், மீன் செதில்கூட ஒன்று. பகலவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா நசீரு, குப்பைல கெடந்ததெல்லாம் இட்டாந்து வெச்சிருக்கே?"

"காத்திவாக்கத்து ஆளுது மாமு. ஆறு வருஷம் உப்பங்கழி ஓரமா ஓடுன வண்டி. பாக்க பேஜாரா கீது, ஆனா நான் சொல்றேன், கறுப்ப எடு."

பகலவனுக்கு யாரும் சொல்லக் கூடாது. பதினோரு வருஷமாகத் தினம் நாற்பது பெட்டிகளைத் தட்டிப் பார்க்கிறவன் அவன். பெட்டிக்காரர்கள் துரு அரித்த ஓட்டையைப் பட்டி மாவு பூசி அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துக் கொண்டுவருவார்கள். நல்ல தகடு ணங் என்று பேசும். பட்டி பூசிய தகடு தொப் என்று பேசும். கண்ணை ஏமாற்றலாம், அவன் காதை ஏமாற்ற முடியாது என்று யார்டு முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் அவன்தான். வீட்டில் தேங்காயிலிருந்து அலமாரி வரை எதையும் தட்டாமல் தொடமாட்டான்.

பையிலிருந்து சின்னச் சுத்தியை எடுத்தான். சிவப்பு வண்டியின் பாரில் ஒரு தட்டு. ணங். கீழ்க்குழாயில் ஒரு தட்டு. ணங். கோயில் மணி தோற்றுவிடும். கறுப்பு வண்டியைத் தொட அருவருத்து, எட்ட நின்று தட்டினான். தொப்.

"கேட்டியா? உள்ள ஃபுல்லா பட்டி. மேல பெயிண்டு. கண்டம்!" என்றான். யார்டில் தேறாத பெட்டிக்குச் சொல்லும் வார்த்தை அது.

தங்கபுஷ்பம் கறுப்பு வண்டியின் சீட்டைக் கழற்றச் சொல்லி, குழாய்க்குள் முகர்ந்து பார்த்தாள். "பட்டி இல்ல சார். எங்கூர்ல போட் இஞ்சின்ல எறக்குன ஆயில துணியில நனைச்சு கொழாய் உள்ள தள்ளிடுவாங்க. உப்பு அரிக்காது. அதான் சத்தம்..."

"இந்தாம்மா, பொட்டி கழுவுறது உன் வேல. பொட்டி பாக்குறது என் வேல. அத்த மோந்துகினு நிக்கிற, கருமம்!"

அவன் சிவப்பை எடுத்தான், அவள் கறுப்பை எடுத்தாள். அவள் காசு கொடுத்ததைப் பார்க்கவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

பதினோரு நாள் பகலவன் ராஜாவாகப் போனான். டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து, பள்ளங்களில் ஏறி இறங்கி, ஆறே முக்காலுக்கெல்லாம் கேட்டில் நின்றான். கறுப்பு வண்டி யார்டு சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், "அந்த நாத்தத்த என் வண்டி பக்கத்துல வெக்காதே" என்றான். தங்கபுஷ்பம் நகர்த்தி வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள், திருவொற்றியூர் தாண்டி, மணி ஆறு முப்பத்தைந்து. முந்தின இரவு மழை. ரோட்டில் சாக்கடையும் சாம்பலும் கலந்து கறுப்புக் கஞ்சியாக ஓடியது. முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. காலடியில் எங்கோ படக் என்றது. அடுத்த நொடி பகலவன் அந்தக் கஞ்சியில் கையூன்றிக் கிடந்தான். லாரிக்காரன் ஒருவன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திட்டினான்.

வண்டியை ஓரத்துக்கு இழுத்துப் பார்த்தான். பெடல் சேரும் இடத்தில் குழாய் முறிந்து இரண்டாகப் பிரிந்திருந்தது. உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீரும், கைப்பிடி கைப்பிடியாகத் துருவும் கொட்டியது. இரண்டு வருஷம் மழையில் நின்று, தண்ணீர் குழாயின் அடியில் தேங்கி, உள்ளே தின்றுவிட்டது. வெளியே பெயிண்டும் ஒரு காகிதத் தடிமன் இரும்பும்தான் மிச்சம். வெறும் கூடாக இருந்ததால்தான் அவ்வளவு அழகாக ணங் என்றிருக்கிறது.

ஆட்டோக்கள் எல்லாம் லாரிகளுக்குப் பின்னால் அசையாமல் நின்றன. நடந்தால் ஏழரை ஆகும். கேட் பாஸ் போச்சு. பதினோரு வருஷமும் போச்சு.

பின்னால் பிரேக் கிரீச்சிட்டது. கறுப்பு வண்டி. தங்கபுஷ்பம் ஒரு காலை ஊன்றி, முறிந்த சிவப்பையும் சேறு வழிந்த அவனையும் பார்த்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தான். அவள் சிரிக்கவில்லை.

"வா நைனா, முன்னால குந்து. இன்னும் இருவது நிமிஷம்தான் கீது." இத்தனை நாளும் சார் என்றுதான் கூப்பிட்டாள்.

கேரியர் இல்லாத வண்டி. அவன் அன்றைக்குத் தட்டிக் கண்டம் சொன்ன அதே பாரில்தான் உட்கார வேண்டியிருந்தது. பழைய ஆயில் நாற்றம் நேராக மூக்கில் ஏறியது. பெரிய சக்கரங்கள் இரண்டு பேர் பாரத்தையும் வாங்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கின, ஏறின. தங்கபுஷ்பம் மூச்சு வாங்க மிதித்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் பயந்துபோய்ப் பாரைப் பிடித்தான். பழக்க தோஷத்தில் விரல் கணு ஒரு தட்டுத் தட்டிவிட்டது. தொப்.

"கைய எடு நைனா" என்றாள் மேலிருந்து. "அதும் மேலதான குந்திகினு கீறே."

ஏழுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கேட்டில் இறங்கினார்கள். அவனுடைய பேன்ட்டின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு எண்ணெய். அந்தக் கறையைப் பார்த்தான். இத்தனை நாள் கலீஜ் என்று அவன் முகம் சுளித்த எதுவும், இப்போது அவன்மேலேயே அவனுக்கு வந்த அருவருப்பின் பக்கத்தில் நிற்காது.

வாட்ச்மேன் உபைதுல்லா இரண்டு பேரின் பாஸையும் வாங்கி முத்திரை குத்தினார். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், உங்க செவப்பு வண்டி எங்க?"

"கண்டம் ஆயிடிச்சு பாய்."

"புது வண்டியாச்சே! வண்டியா கண்டம்?"

"வண்டி எப்பவோ கண்டம் பாய்" என்றான் பகலவன். "இன்னைக்குக் கண்டமானது, அத்த தட்டிப் பாத்த ஆளு."

பிறகு தங்கபுஷ்பத்தின் கையிலிருந்து கறுப்பு வண்டியை வாங்கி, அவனே உருட்டிக்கொண்டு போய், சுவரில் தன் வண்டி நிற்கும் இடத்தில் சாய்த்து வைத்தான்.