வீணை அச்சாகும் வரை

நகர சபை உறுப்பினர் ஜீவராஜ் தன் ஆபீசில் வேலை செய்கிறவர்களை ஆபீஸ்காரர்கள் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். இப்போது அவர்கள் 'டீம்'. டீமுக்கென்று ஒரு நிறம் உண்டு, ஒரு மழைக்கோட்டு உண்டு, கும்பிடுவதற்குக்கூட ஓர் உயரம் உண்டு. கூப்பிய கை வயிற்றுக்கு நேராக நிற்க வேண்டும். நெஞ்சுக்கு ஏறினால் மழைக்கோட்டில் இருக்கிற சின்னம் மறைந்துவிடும்.

காலையில் எல்லாரும் வரிசையில் நின்று பட்டனெல்லாம் பூட்டியிருக்கிறதா என்று காட்ட வேண்டும். அவர் அதற்கு 'ப்ரீஃபிங்' என்று பெயர் வைத்திருந்தார். செயலாளர் ஜெயந்தினி அதைப் பெரட்டு என்றாள். தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிற பெரட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்தான். அங்கே பெரட்டு முடிந்ததும் எல்லாரும் வேலைக்குப் போவார்கள்.

சின்னம் வந்த கதையில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது. கொழும்பிலிருந்து சின்னம் வரைந்து தருகிற றமணன், உறுப்பினரை ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். ஜெயந்தினி யோசிக்கவே இல்லை. 'லயம்' என்று அனுப்பினாள். ஜீவராஜ் அக்கரப்பத்தனைப் பக்கத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களின் வரிசையில் பிறந்தவர். டவுன் விளிம்பில் இருக்கிற மேட்டு லயத்து ஜனம் ஓட்டுப் போட்டுத்தான் சபைக்குள் போனவர். அதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

றமணன் வீணையோடு வந்தார். வீணைக்குக் கீழே மூன்று அலை, அதற்கும் கீழே 'லயம் – டீம் ஜீவராஜ்'.

"லயம் எண்டால் சுருதியும் தாளமும் ஒண்டாப் போறது சேர்," என்றார். "சனமும் தலைவரும் ஒரே சுருதி. அதான் வீணை."

"லயம்னா லைன் வீடு சேர்," என்றாள் ஜெயந்தினி.

றமணன் தான் வரைந்ததைத் திரும்பிப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் வளர்ந்த மனிதர். "நான் 'லைன்' எண்டுதான் கேள்விப்பட்டனான் தங்கச்சி. பிழை என்ர பக்கம். வெக்கமாக் கிடக்கு. மாத்தித் தாறன்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ஜீவராஜ் வீணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாத்த வேணாம். லைன் வீட்ட யாரு சட்டையில போட்டுக்கிட்டுத் திரிவா? இது டீசன்டா இருக்கு."

"சேர் பொறந்ததே அங்கதானே."

"பொறந்த எடத்த எல்லாம் சட்டையில குத்திக்க முடியுமா தங்கச்சி?"

றமணன் ஜெயந்தினியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். சின்னம் நிலைத்துவிட்டது.

அந்தச் சுருதி சேர்ந்த சில நாளில் காற்று மழை வந்து மேட்டு லயத்துக் கூரைத் தகரங்களைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஜனங்கள் பகலெல்லாம் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அந்த ஒற்றை அறையில், அடைந்து கிடந்தார்கள். கொழும்பு வியாபாரி ஒருவர் இரக்கப்பட்டு லொறியில் தறப்பாள் அனுப்பினார். நல்ல கெட்டி நீலத் தறப்பாள், கூரை மேல் விரித்தால் ஒரு சொட்டு இறங்காது. அதெல்லாம் ஆபீஸ் பின்னறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"சின்னம் இல்லாம ஒண்ணும் வெளிய போகக் கூடாது," என்று உத்தரவு போட்டார் ஜீவராஜ்.

அச்சகத்திலிருந்து வீணை அச்சடித்த தறப்பாள் துண்டு ஒன்று மாதிரிக்கு வந்தது. ஜீவராஜ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மழைக்கோட்டோடு ஒட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "நம்ம பச்சை கொழுந்துப் பச்சை. இது முத்தல் பச்சை. திருப்பி அடிக்கச் சொல்லு."

வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஜெயந்தினிக்கு அந்த மாதிரியைச் சுருட்டி அவர் வாயில் திணிக்கத் தோன்றியது. சுருட்டி மேசைக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் மேட்டு லயத்து வீரம்மா படியேறி வந்தாள். முந்தானையைப் பிழிந்துவிட்டு உள்ளே வந்தாள்.

"தறப்பாள் வந்திருச்சாமே, புள்ள."

"வந்திருக்கு அக்கா. அச்சடிக்கணுமாம்."

"என்னத்த?"

"வீணை."

வீரம்மா நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே யோசித்தாள். "வீணை இல்லாட்டி ஒழுகுமா?"

ஜெயந்தினியின் உதடு இழுபட்டது.

"சிரிக்காத புள்ள. எம்மக நாகலெட்சுமி புள்ள பெத்து ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டா. பிள்ளைக் காம்பராவுல கால நீட்ட எடமில்ல. வீட்டுல பாதிக் கூரைக்குக் கீழ பச்சப் புள்ளய மடியில வச்சிக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்திருக்கா. புள்ளைக்கு நெஞ்சுல கர்கர்ருங்குது."

ஜெயந்தினி சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். வீரம்மா முன்னாலேயே ஜீவராஜுக்குப் போன் போட்டாள். அவர் நுவரெலியாவில் ஏதோ கூட்டத்தில் இருந்தார்.

"ரெண்டு நாள் பொறு தங்கச்சி. சின்னம் இல்லாமக் குடுத்தா யாரு குடுத்ததுன்னு யாருக்குத் தெரியும்?"

"நனையாதவங்களுக்குத் தெரியும் சேர்."

"நீ டீம்ல இருக்கியா, இல்லியா?"

அவள் போனை வைத்தாள். பின்னறைச் சாவி அவள் மேசையில்தான் கிடந்தது. இத்தனை நாள் அது அங்கேயே கிடந்ததை நினைத்தபோது ஜீவராஜ் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது.

பின்னறையைத் திறந்தாள், த்ரீவீல் தறப்பாளை மேட்டு லயத்துக்கு நடை நடையாக ஏற்றியது. லயத்துப் பையன்கள் கூரை மேல் ஏறினார்கள். கீழேயிருந்து ஜெயந்தினி கயிறு வீசினாள். கல் தூக்கிக் கொடுத்தாள். வரிசை முழுக்க நீலமாகிக்கொண்டு வந்தது. கடைசிக் காம்பரா வீரம்மாவுடையது. அங்கே வரும்போது தறப்பாள் முன்பக்கத்தோடு தீர்ந்துபோனது.

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. ஜீவராஜ் இறங்கினார். பின்னால் டீம் இறங்கியது, மழைக்கோட்டு மழைக்கோட்டாக. டீமில் வீடியோ எடுக்கிற துஷாந்த் போனைத் தூக்கிப் பிடித்து லைவ் ஆரம்பித்தான்.

ஜீவராஜ் கூரைகளைப் பார்த்தார். ஒரு வீணைகூட இல்லை. கேமராவுக்குச் சிரித்தபடியே ஜெயந்தினியின் காதருகே வந்தார். "இதெல்லாத்தையும் எறக்கச் சொல்லு. சின்னத்தோட மறுபடி ஏத்தலாம்."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிப் பாருங்க, லைவ்ல."

அவர் போனைப் பார்த்துவிட்டு ஒரு எட்டுப் பின்வாங்கினார். வீரம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"தம்பி, ஒங்க அம்மாவும் நானும் அக்கரப்பத்தனையில ஒரே நெறையில பக்கத்துப் பக்கத்துல நின்னு கொழுந்தெடுத்தவங்க. அவ இருந்தா ஒங்களக் கூரை மேல ஏறச் சொல்லியிருப்பா."

யாரோ சிரித்தார்கள். ஜீவராஜும் சிரித்து வைத்தார். "சரி, ஒரு போட்டோ எடுத்துக்கலாம். பேனரப் பிடிங்க."

டீம் பேனரை விரித்தது. ஒரு காம்பராவின் அகலத்துக்கு இருந்தது. அதில் பாதி அவர் முகம், மீதி வீணை. வீரம்மா ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"நல்ல கனம். எங்க வீட்டுக்குப் பின்பக்கம் தெறந்து கெடக்கு. இதக் குடுத்துட்டுப் போங்க தம்பி."

துஷாந்தின் போன் அவர் முகத்துக்கு நேராக நின்றது. ஜீவராஜ் மழைக்கோட்டைச் சரிசெய்துகொண்டார். "அதுக்கென்ன, சந்தோஷமா எடுத்துக்கங்க. ஆனா படம் மேல தெரியணும்."

"மேல வச்சா காக்காதான் பாக்கும். கீழ பாக்க வச்சா நாங்க படுத்துக்கிட்டே பாப்போம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நிஜமாகவே மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் ஜெயந்தினிக்குப் பொறுக்கவில்லை.

பேனர் மேலே போகும்போது அவர் அவள் பக்கம் சாய்ந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. "நாளையிலிருந்து ஆபீசுக்கு வர வேணாம்."

"சரி சேர். இன்னைக்கு இருக்கேன்ல. இந்தக் கயித்தப் பிடிங்க."

லைவ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிடித்தார். "இன்னும் இழுங்க," என்றாள். இழுத்தார். "இன்னும்." மழைத் தண்ணீர் கயிற்றோடு வழிந்து அவர் கைக்குள் போய் முழங்கை வரை இறங்கியது. போதும் என்று அவள் சொல்லவே இல்லை. கூரையிலிருந்த பையன்தான் முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னான்.

உள்ளே நாகலெட்சுமி பிள்ளையை மடியிலிருந்து இறக்கி, பாயில் மடித்துப் போட்ட பழைய சேலையில் கிடத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, தலகீழா இருக்காரு."

"ஒழுகுதா?"

"இல்ல."

"அப்ப இருக்கட்டும்."