ஈரச் சுண்ணாம்பு

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தபோது, அவள் ஓரகத்தி முக்காலிமேல் ஏறி நின்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனிவரைக்கும் வெள்ளை.

"ஆபீஸர் வர்றாங்கன்னு சொன்னீங்களே. வீடு இருந்த லட்சணத்துக்கு மானம் போயிடும்க்கா. அதான் காலையிலேயே ஆரம்பிச்சிட்டேன்."

மூத்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைச் சுற்றிப் பார்த்தாள். அந்த ஒற்றை அறையில் அண்ணன் தம்பி குடும்பம் இரண்டும் சேர்ந்து எட்டுப் பேர். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் முகத்தில் இடிக்கும். சமையல் ஆவியும், காயாத துணியின் ஈரமும், எட்டுப் பேர் விட்ட மூச்சும் போக வழியில்லாமல் சுவரெல்லாம் கரும்பூஞ்சையாகப் பூத்துக் கிடந்தன. அந்தக் காற்றை இழுத்து இழுத்தே அவள் மகளுக்கு இளைப்பு வந்தது. பேசும்போது நெஞ்சு விசிலடிக்கும் என்பதால் வீட்டுப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் குக்கர். போன மாதம் உதடு நீலம் பாரித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான், அரசாங்கத்தில் வேறு வீடு ஒதுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். சுகாதார அதிகாரி பார்க்க வருவதே அந்தக் கறுப்பைத்தான். அது இப்போது பளிச்சென்று வெளுத்து நிற்கிறது.

திட்ட வாய் வரவில்லை. குக்கருக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் பெற்றவளுக்கு முன்னால் எழுந்து முதுகை நீவிவிடுகிறவள் இந்த இளையவள்தான்.

அதிகாரியம்மா வந்தார். குடையை வைக்க இடம் தேடிக் கிடைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருக்கற இடத்த சுத்தமா வச்சிருக்கீங்களே!"

இளையவளின் முகம் மலர்ந்தது.

"சரி, பார்த்துட்டு சொல்லி அனுப்பறோம்" என்று அவர் வாசல் பக்கம் திரும்பியதும், மூத்தவள் பீரோவின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். தலையில் எட்டுப் பேர் படுக்கையையும் சுமந்துகொண்டு அது அசைவேனா என்றது.

"அந்தப் பக்கம் பிடி."

"வேணாம்க்கா. அசிங்கமா இருக்கும்."

"பிடிடி!"

இளையவள் தலையைக் குனிந்துகொண்டு பிடித்தாள். பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்க அடுப்புக்கரி அப்பினதுபோல் கறுப்பு. அதிகாரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். மூத்தவள் அதோடு நிற்கவில்லை. எதிர்ச்சுவரின் ஈரச் சுண்ணாம்பை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். அங்கேயும் கறுப்பு வந்தது.

"எங்களுக்கு சுத்தம் தெரியாம இல்ல மேடம். துடைக்கத் துடைக்க வருது."

அதற்குப் பிறகு இளையவள் அவளோடு சரியாகப் பேசவில்லை. கேட்டதற்கு 'ம்' கொட்டினாள். ஆனால் முதுகு நீவுவதை மட்டும் நிறுத்தவில்லை.

வீடு கிடைத்தது. இரண்டு அறை, காற்று நுழைகிற ஜன்னல்கள். நோயாளிப் பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் உடன்பிறந்தவனுக்கும் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

சாமான் ஏற்றுகிற அன்று மூத்தவள் ஓரகத்தியின் கையைப் பிடித்தாள். "நீங்களும் வந்துடுங்க. யாரு வந்து எண்ணப் போறாங்க?"

"அங்கயும் எட்டுப் பேரா? அந்தச் சுவரும் கறுத்துடும்க்கா. அப்புறம் நம்ம குக்கருக்கு எந்த வீட்டத் தேடுவீங்க?"

"அப்ப உன் புள்ளைங்க?"

இளையவள் வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "வண்டி நிக்குது, போங்க."

மூத்தவள் பாதிப் படி இறங்கியவள், மனசு கேட்காமல் திரும்பி வந்தாள். பீரோ இருந்த இடத்தில் இளையவள் கையையும் காலையும் அகல விரித்து மல்லாந்து கிடந்தாள். அவள் பிள்ளைகள் இரண்டும் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, அம்மாவின் வயிற்றின்மேல் ஏறி இறங்கி, கூச்சலிட்டு உருண்டுகொண்டிருந்தார்கள். வாசலில் நிழல் விழுந்ததும் இளையவள் தலையைத் திருப்பினாள். கண் கலங்கியிருந்தது. கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் தரையைத் தட்டினாள்.

"வாங்கக்கா. ஒரு தடவ காலை நீட்டிட்டுப் போங்க."

மூத்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து, காலை நீட்டினாள். எங்கேயும் இடிக்கவில்லை. கீழே வண்டிக்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.