தாடையில் இல்லாத பகுதி

தாடையின் இரண்டு பக்கங்கள்தான் மண்ணில் கிடைத்திருந்தன. நடுப்பகுதி இல்லை. சிவாலிக் குன்றுகளின் ராமபிதேகஸ் என்ற ஆதி வானரத்தின் புதைபடிவத்துக்குக் கல்லூரியில் இருந்த பிளாஸ்டர் நகல் அது. 1989இல் பழைய பாடப் புத்தகப் படத்தைப் பார்த்து, இல்லாத நடுவைப் பிளாஸ்டரால் நிரப்பி மதுவந்தி ஒட்டியது. மனிதத் தாடைபோல வில்லாக அகன்று நின்றது. 'மனிதனின் மூதாதை' என்று அடியில் எழுதியிருந்தது.

மதுவந்தி போன ஆவணியில் மூளைக் காய்ச்சலில் இறந்துபோனாள். அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் பார்த்தசாரதி, அதன்பின் அந்தக் கண்ணாடி அலமாரியைத் திறக்கவில்லை.

"சாரதி-தா, நாளைக்கு கிளாஸ். அந்தத் தாடையை அறுத்து நெருக்கி ஒட்டித் தரச் சொன்னேனே?" என்றாள் தீப்தி. வங்காளத்தில், பாலிகஞ்சில் வளர்ந்த தமிழ்ப் பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். வங்காளிகள் அண்ணனை அழைப்பதுபோல எல்லோரையும் 'தா' என்பாள். "இதோட முழு முகமே கிடைச்சு பதினஞ்சு வருஷமாச்சு, தாடை இவ்வளவு அகலமில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. இது ஒராங்குட்டானோட பங்காளி. இன்னும் எத்தனை நாள் நம்ம தாத்தான்னு மாலை போடறது?"

அவன் சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து தாடையை எடுத்தான்.

"யாரு இவ்வளவு அகலமா ஒட்டினது?"

"என் மனைவி."

தீப்தி கையோடு கொண்டுவந்திருந்த ரம்பத்தைக் கீழே வைத்தாள். "யாரும் சொல்லலை, தா. அப்படியே இருக்கட்டும். நான் போர்டுல வரைஞ்சுக்கறேன்."

சரி என்றால் போதும். நடுவில் மதுவந்தியின் கட்டைவிரல் பதிந்த பள்ளம் அப்படியே இருக்கும். வீட்டில் அவள் கை பட்டதையெல்லாம் துவைத்தாகிவிட்டது, கழுவியாகிவிட்டது.

தாடையை ஜன்னலோரம் கொண்டுபோனான். எலும்புப் பகுதிக்கு மதுவந்தி தேயிலைச் சாயம் பூசியிருந்தாள். நடுவில் மட்டும் வெள்ளை. அன்று அவன்தான் குறை சொன்னான்.

"அசிங்கமா இருக்கு. அதுக்கும் சாயம் அடிச்சுடேன்."

"அடிச்சா நிஜம்னு நினைச்சுப்பாங்க, மண்டு. இது என் ஊகம்தானே? தப்புன்னா அறுக்கறவனுக்கு எங்கே அறுக்கறதுன்னு தெரிய வேண்டாமா?"

அவன் ரம்பத்தை எடுத்தான். வெள்ளையின் இரு ஓரங்களிலும் அறுத்தான். ஒரு பல்லிலும் கீறல் விழவில்லை.

கட்டைவிரல் பதிந்த துண்டு மேஜையில் விழுந்தது. தீப்தி கைக்குட்டையை நீட்டினாள். "இதுல சுத்தி வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, தா."

"வேண்டாம். நாளைக்கு இதையும் பக்கத்துல வை. முன்னாடி இவ்வளவு அகலம்னு நினைச்சோம்னு சொல்லு."

"யார் நினைச்சதுன்னு கேட்டா?"

"பேரைச் சொல்லு."

இரண்டு பக்கங்களையும் நெருக்கி, நடுவில் புதுப் பிளாஸ்டர் வைத்தான். அது இறுகும்வரை பிடித்துக்கொண்டே நின்றான்.