இரண்டு பக்கமும் வாசல்

அக்கா வீட்டு மொட்டைமாடியில் துணி காய்வது என் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும். என்ன நிறப் போர்வை என்றுகூடச் சொல்லிவிடுவேன். ஆனால் அவளைப் பார்க்க வேண்டுமென்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டும். நடுவே பெரிய பள்ளம், அதில் ரயில் பாதை, ஊரையே இரண்டாக வகுந்து போட்டிருந்தது. முழங்கால் போனதிலிருந்து அக்காவால் பஸ் படி ஏற முடியாது. நானோ வேலை வேலை என்று போனிலேயே பாசத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் பள்ளத்தை மூடி மேலே தெரு போடும் திட்டம் எங்கள் கட்டடக்கலை அலுவலகத்துக்கு வந்ததும், "இதுல வேற யாராவது கை வெச்சா கைய ஒடிச்சிடுவேன்" என்று முதலாளியிடமே சொன்னேன். சினிமா அரங்கு, திறந்த மேடை, சக்கரக் காலணி போட்டுச் சறுக்கும் தளம், சாப்பாட்டுக் கடைகள். கோப்பில் 'நகரக் கேளிக்கை வட்டாரம்', எங்களுக்குக் கூத்துத் தெரு. இரண்டு பக்கத்து ஜனங்களும் சம்மதித்தால்தான் நகராட்சி கட்டும். ஒரு பக்கம் வேண்டாம் என்றாலும் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போகும், அக்காவும் அந்தப் பக்கமே இருந்துவிடுவாள்.

தெருவை அட்டையில் சின்ன மாடலாகச் செய்தவரைப் 'பசை' என்போம். விரலில் எப்போதும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அலுவலகம் இடுக்கு என்பதால் மாடல் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் முன்னால் நின்று பார்த்து "பிரமாதம்" என்றார்கள். நானும் அங்கே நின்றுதான் பூரித்துப்போனேன்.

கூட்டம் அக்கா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. மேசை நடுவில். எங்கள் பக்கத்தார் இப்படியும் அவர்கள் அப்படியுமாக உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை, பழக்கதோஷம். முதல் வரிசையில் கைத்தடியோடு அக்கா. மேசையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போனேன்.

"என்னடி, இப்படி இளைச்சுட்ட?"

அவள் பக்கத்தில் உட்காரத் திரும்பியபோதுதான் மாடலை அந்தப் பக்கமிருந்து முதல் தடவையாகப் பார்த்தேன். நீளமாக ஒரு மொட்டைச் சுவர். லாரி நிற்கும் இடம், குப்பை அறை, ஜெனரேட்டர், புகைக்குழாய், கழிவறை ஜன்னல். வாசலெல்லாம் எங்கள் பக்கம், முதுகெல்லாம் இவர்கள் பக்கம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு நான் வரைந்த முதுகே தெரியவில்லை. இத்தனைக்கும் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள்!

"பாலம்னு சொல்லிட்டு மதில் கட்டுறாங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நாற்காலிகள் நகர்ந்தன. அந்த மொட்டைச் சுவரை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா தடியை ஊன்றி எழுந்தாள். அவள் வாய் ஊரறிந்தது. தொலைந்தோம் என்றே நினைத்தேன்.

"இவ என் தங்கச்சி. சின்னதுலேர்ந்தே அவசரக் குடுக்கை. சோறு வேகறதுக்குள்ள தட்டோட உக்காந்துடுவா." சிரிப்பு எழுந்தது. "தப்பாத்தான் வரைஞ்சிருக்கா, நான் இல்லேங்கல. ஆனா நம்ம பக்கம் வந்து பாத்த உடனே மூஞ்சி எப்படி வெளுத்துப் போச்சு பாருங்க. இவ திருத்திடுவா. ஒரு தடவ விட்டுப் பிடிங்க. மறுபடியும் இதையே தூக்கிட்டு வந்தா, வேணாம்னு மொத கை நான் தூக்குறேன்."

முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். வெளியே வந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நீ இல்லேன்னா நான் என்னக்கா பண்ணியிருப்பேன்? ரொம்ப நன்றிக்கா."

"நன்றியாவது மண்ணாங்கட்டியாவது! எனக்கு உன் வீட்டுக்கு வரணும்டி. ஒழுங்கா வரை."

மறுநாள் மேசையை அலுவலகத்தின் நடுவில் இழுத்துப் போட்டேன். எல்லாரும் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தோம், பசை என்னைத் திட்டித் தீர்த்தார். எந்தக் கட்டடத்துக்கும் முதுகு என்று ஒன்று வேண்டும். அதை யார் தலையில் கட்டுவது? பள்ளத்துக்குள் ஓரமாக, ரயில் ஓடாத பழைய தடம் ஒன்று சும்மா கிடந்தது. லாரி, குப்பை, ஜெனரேட்டர் எல்லாம் அங்கே கீழே போயின. அரங்கு சுருங்கியதென்று முதலாளி உறுமினார், உறுமட்டும். இரண்டு பக்கமும் வாசல் வந்தது. படிகளை அழித்துவிட்டுச் சரிவுப் பாதை வரைந்தேன், அக்காவின் முழங்காலை மனதில் வைத்து. அடுத்த கூட்டத்தில் ஒரு கைகூட எதிராக எழவில்லை.

திறப்பு விழா மாலையில் சறுக்குத் தளத்தில் பிள்ளைகளும் பெரியவர்களும் விழுந்து வாரிக்கொண்டிருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அக்காவைத் தேடினேன், காணோம். போனையும் எடுக்கவில்லை. கால்வலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி வீடு திரும்பினேன்.

என் வீட்டு வாசலில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"வழி யாரக் கேட்டே?"

"யாரக் கேக்கணும்? நீ ஜன்னல்ல காயப்போட்ட துண்டப் பாத்துக்கிட்டே நேரா நடந்து வந்தேன்." சுற்றிப் பார்த்தாள். "ஏன்டி, இவ்வளவு கிட்டயாடி இருந்த?"

பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.